அழும்போதெல்லாம் பிஸ்கட் கொடுத்து வளர்த்ததால்தான் இன்று மனசு சரியில்லாதபோது சாப்பிட்டுத் தீர்க்கிறேனா?

புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். உங்களுக்கு 34 வயது, ஐ.டி. வேலை. சின்ன வயதில் விழுந்தாலும் அழுதாலும் அம்மா கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிடுவார். தட்டில் வைத்ததை முடிக்காமல் எழுந்திருக்க விட்டதில்லை. இன்று மேனேஜரிடம் திட்டு வாங்கிய நாளிலும் வீட்டில் சண்டை வந்த இரவிலும், எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடியே மிக்சர் டப்பாவைக் காலி செய்கிறீர்கள், அப்புறம் அழுகிறீர்கள். அம்மா ஊட்டி வளர்த்த விதம்தான் இதற்குக் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், மூன்று வயது மகளுக்கும் இப்போது அம்மாதான் ஊட்டுகிறார் என்று சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தப் பழக்கம் இனி மாறுமா, மகளுக்கும் வந்துவிடுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவ உளவியலாளர். உடல் எடைக்காகவும் சர்க்கரை நோய்க்காகவும் வருகிறவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தோடுதான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். குழந்தை மருத்துவம் என் துறை இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை, அதனால் உங்களுக்கு இன்னதுதான் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தொடர்பு இருக்கிறது. ஆனால் அது பலரும் நினைக்கிற அளவுக்கு நேரானதும் இல்லை, அவ்வளவு பெரியதும் இல்லை. சிறு குழந்தைக்கு உணவை ஆறுதலாகவும் பரிசாகவும் கொடுத்துப் பழக்கினால் அடுத்த சில வருடங்களில் அது மனம் வாடும்போது சாப்பாட்டைத் தேடுவது கூடுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அந்தக் கோட்டை 34 வயது வரை நீட்டும்போது சான்று மெலிந்துவிடுகிறது.

இந்த எண்ணத்துக்கு முதலில் உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனநல மருத்துவர். பசிக்கு அழுதாலும் பயத்தில் அழுதாலும் குளிரில் அழுதாலும் பதிலாக உணவே வந்துகொண்டிருந்தால், தன் உடம்பு சொல்வது பசியா வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கக் குழந்தை கற்றுக்கொள்ளாமலே வளர்ந்துவிடும் என்று 1973இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். கூர்மையான கவனிப்பு அது. இன்றும் என்னிடம் வருகிறவர்கள் பலர், ‘எனக்குப் பசி என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை’ என்று சொல்கிறார்கள். ஆனால் புரூக் பார்த்தது கடுமையாக நோயுற்று மருத்துவமனைக்கு வந்தவர்களை. அவர்களின் பழைய கதையைப் பின்னோக்கிக் கேட்டு எழுதினார். அதே மாதிரி வளர்ந்து எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இருந்தவர்கள் அவர் அறைக்கு வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் தாயைக் கூண்டில் ஏற்றிய அந்தக் காலத்து உளவியலின் போக்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

உணவில் ஆறுதல் கிடைப்பது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதற்கு முன் நாக்கில் சில சொட்டு இனிப்புக் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது என்று மருத்துவமனைகளில் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். (வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.) அழுகிற கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ளாத தாய் உண்டா? அது பாலும் கொடுக்கிறது, அணைப்பும் கொடுக்கிறது. ஆகவே வருத்தத்தில் ஒரு வாய் இனிப்பு நன்றாக இருப்பதே ஒரு கோளாறு என்று நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். வருத்தத்துக்கு அதைத் தவிர வேறு எதுவுமே தெரியாமல் போகும்போதுதான் சிக்கல்.

இதில் ஆய்வுக்கூடத்துக்குள் உறுதியாகத் தெரிந்தது எது என்றால், லீஆன் பிர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வருடங்கள் எடுத்துக் காட்டியதுதான். சிறு குழந்தைகளுக்குத் தங்கள் வயிற்றின் கணக்கு தெரியும். 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 2 முதல் 5 வயதுவரையான 15 குழந்தைகள் நாள் முழுக்கச் சாப்பிட்டதை அளந்தார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் சுமார் 34 சதவீதம் ஏறி இறங்கியது. நாள் மொத்தக் கலோரியின் ஏற்ற இறக்கமோ சுமார் 10 சதவீதம்தான். காலையில் குறைத்துச் சாப்பிட்ட குழந்தை மதியமோ இரவோ அதை ஈடுகட்டிவிடுகிறது. ‘காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலை’ என்று புலம்புகிற தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 1987இல் அவர் குழு செய்த இன்னொரு சோதனை உங்கள் தட்டுக் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு சாரார் குழந்தைகளிடம் வயிறு எப்படி இருக்கிறது, நிறைந்ததா என்று பேசினார்கள். இன்னொரு சாராரிடம் தட்டில் எவ்வளவு மிச்சம், முடித்தால் என்ன பரிசு என்று பேசினார்கள். முதல் சாரார் முன்னதாகக் கொடுத்த தின்பண்டம் கனமானதா லேசானதா என்பதற்கேற்ப அடுத்ததைக் குறைத்தும் கூட்டியும் சாப்பிட்டார்கள். இரண்டாவது சாரார் அந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள். தட்டைப் பார்க்கச் சொன்னால் குழந்தை தட்டைப் பார்க்கிறது, வயிற்றைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

தின்னாதே என்று தடுப்பதற்கும் இதே மாதிரி ஒரு விளைவு உண்டு. பிர்ச், ஃபிஷர், டேவிசன் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கச் சிறுமிகளை 5 வயதிலிருந்து 9 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, நிறைந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு தின்பண்டங்களோடு தனியாகப் பத்து நிமிடம் விட்டார்கள். 5 வயதில் அம்மா தின்பண்டத்தை அதிகம் கட்டுப்படுத்திய வீட்டுச் சிறுமிகள், வளர வளர, பசியில்லாமலே கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். மேல் அலமாரியில் ஒளித்துவைத்த டப்பாதான் குழந்தையின் கண்ணில் எப்போதும் இருக்கிறது.

இனி, நீங்கள் நேராகக் கேட்ட ஆறுதல் பிஸ்கட். இங்கிலாந்தில் பிளிசெட், ஹேகிராஃப்ட், ஃபாரோ மூவரும் 2010இல் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் சிலருக்கு, ஒரு துண்டு குறைகிற படப்புதிரைக் கொடுத்து லேசான ஏமாற்றம் வரவைத்தார்கள். பிறகு பக்கத்தில் தின்பண்டங்கள். குழந்தையைச் சமாதானப்படுத்த உணவை அடிக்கடி பயன்படுத்தும் தாய்மாரின் குழந்தைகள் பசியில்லாத நிலையிலும் இனிப்பை அதிகம் எடுத்தார்கள். அதே குழு 2015இல் வெளியிட்டது சுமார் 40 குழந்தைகளை இரண்டு வருடம் தொடர்ந்த ஆய்வு. 3 முதல் 5 வயதில் உணவைப் பரிசாகக் கொடுத்த வீட்டிலும், உடம்புக்கு ஆகாது என்று அதிகம் தடுத்த வீட்டிலும் வளர்ந்த குழந்தைகள், 5 முதல் 7 வயதில் மனம் கலங்கும்போது அதிகம் சாப்பிட்டார்கள். எண்ணிக்கை சிறியது, முடிவை அதற்கேற்ற எச்சரிக்கையோடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகர ஆய்வு. 801 குழந்தைகளை 4 வயதிலிருந்து 10 வயதுவரை பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பெற்றோர் ஆறுதலுக்காக ஊட்டினால் பின்னாளில் குழந்தை உணர்ச்சிக்காகச் சாப்பிடுவது கூடியது, இது எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்த்திசையும் தெரிந்தது. சாப்பாடு கொடுத்தால் சட்டென்று அடங்குகிற குழந்தைக்குப் பெற்றோர் பிற்பாடு அதையே அதிகம் கொடுத்தார்கள். எளிதில் கோபமும் அழுகையும் வருகிற சுபாவமுள்ள பிள்ளைகளிடம் இந்த இரண்டுமே அதிகமாக இருந்தன. உங்கள் அம்மாவை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஓயாமல் அழுகிற பிள்ளையாக இருந்திருக்கலாம். மூன்று வேளைச் சமையலும் கூட்டுக்குடும்பத்து வேலையும் தலையில் இருக்க, எது கொடுத்தால் அழுகை நிற்கிறது என்பதை அவர் உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருக்கலாம்.

மரபணுதான் காரணம் என்ற வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2007இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையர்களை வைத்து நடக்கும் பெரிய ஆய்வில், குழந்தையின் பொதுவான பசி, திருப்தி ஆகியவற்றில் மரபின் பங்கு கணிசமாக இருந்தது. மனம் வாடும்போது அதிகம் சாப்பிடுவதிலோ மரபின் பங்கு மிகக் குறைவு, ஒரே வீட்டில் வளர்வதன் பங்குதான் மிக அதிகம். ஒரே மரபணுவோடு, ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரட்டையரும் அப்படி இல்லாத இரட்டையரும் இதில் ஏறக்குறைய ஒரே அளவு ஒத்துப்போனார்கள். அதாவது சிறு வயதில் இது பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் பழக்கம். இதற்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் கேள்வித்தாளை நிரப்பியது பெற்றோர். ஒரே ஆள் இருவரையும் மதிப்பிடும்போது ஒற்றுமை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

இவ்வளவும் குழந்தைகளைப் பற்றியது. பெரியவர்களிடம் வந்தால் கையில் இருப்பது பெரும்பாலும் ஞாபகம்தான். 2003இல் பூல், ஷ்வார்ட்ஸ் இருவரும் 122 பெரியவர்களிடம் சிறு வயது உணவு விதிகளைப் பற்றிக் கேட்டார்கள். உணவைப் பரிசாகவும் தண்டனையாகவும் வைத்து வளர்த்தார்கள் என்று நினைவுகூர்ந்தவர்களிடம், இன்று கட்டுமீறிச் சாப்பிடுவதும் கடும் பத்தியமும் அதிகம் இருந்தன. முக்கியமான ஆய்வு, ஆனால் இன்று சாப்பாட்டோடு போராடுகிறவர் தன் பழைய நாட்களில் சாப்பாட்டுச் சம்பவங்களையே தேடி எடுப்பார். நிம்மதியாகச் சாப்பிடுகிறவருக்கும் அதே அம்மா, அதே பிஸ்கட் இருந்திருக்கும், அவர் அதை மறந்தே போயிருப்பார். இன்னொரு சங்கடமும் உண்டு. ‘நான் உணர்ச்சிவசப்பட்டுச் சாப்பிடுகிறவன்’ என்று கேள்வித்தாளில் எழுதுகிறவர்களை நெதர்லாந்து ஆய்வுக்கூடங்களில் மனம் கலங்கவைத்துப் பார்த்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிடவில்லை என்ற முடிவும் வந்திருக்கிறது. நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதையும் நாம் செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நம் வீடுகளுக்கு வருகிறேன். மாலை ஏழரை மணி. பாட்டி கையில் பருப்புசாதக் கிண்ணம். பிள்ளை எதிரே போன், அதில் பாட்டு. கண் திரையில் ஒட்டியிருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது, கவளம் உள்ளே போகிறது. ஆறேழு வாய்க்குப் பிறகு பிள்ளை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்புகிறது. ‘இது அம்மாவுக்கு, இது மாமாவுக்கு, இது நிலாவுக்கு’. அதுவும் நடக்காவிட்டால் ‘பூச்சாண்டி வர்றான்’. கடைசியில் ‘இதை முடிச்சா சாக்லேட்’. இதில் எது பிள்ளையைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கையால் பிசைந்து ஊட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. நிலாவைக் காட்டி ஊட்டுவதிலும் இல்லை, அந்தக் கதையும் மடியும் பிள்ளைக்கு நல்லது. பண்டிகைக்கு இனிப்பு, ஊருக்குப் போய்விட்டு வந்தால் பலகாரம், இதெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. உதட்டை இறுக்கிய அந்தக் கணத்தை மதிக்காமல் போவதுதான் நான் கவலைப்படுகிற இடம். போதும் என்று பிள்ளை அதற்குத் தெரிந்த மொழியில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு வாயும், உன் வயிறு சொல்வது முக்கியமில்லை என்று அதற்குச் சொல்கிறது. போன் வைத்து ஊட்டினால் அந்த இறுக்கமே வராமல் போய்விடுகிறது, அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது.

பாட்டிமார் ஏன் இப்படி என்றும் யோசிக்க வேண்டும். ரேஷன் வரிசையில் நின்று அரிசி வாங்கிய தலைமுறை அது. பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வருவதைப் பார்த்துத்தான் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை அவ்வளவு பெரிதாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பருக்கையை வீணாக்காதே என்பது அந்த வாழ்க்கையில் நியாயமான விதி. அந்தப் பயம் இன்றும் ஆதாரமற்றது அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அதிக எடை. அந்தப் பழைய விதி இப்போது பாக்கெட் தின்பண்டமும் எந்நேரமும் டெலிவரியும் உள்ள வீட்டுக்குள் நிற்கிறது. விதி மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாமும் மாறிவிட்டன.

உணவு ஊட்டிய விதத்தைவிடக் கனமான காரணங்களும் உண்டு. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் பருமன் சிகிச்சை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோவதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்தால் பலருக்குச் சிறு வயதில் பாலியல் கொடுமையோ வேறு பெரும் துன்பமோ நடந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் குழந்தைப் பருவத் துன்பங்களுக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய 1998ஆம் வருடத்துப் பெரிய ஆய்வு. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்தது என்று நான் ஊகிக்கவில்லை. ‘பிஸ்கட்’ என்று ஆரம்பிக்கும் பேச்சு சிலரிடம் அங்கே போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அப்படி இருந்தால் தனியாகச் சுமக்காதீர்கள்.

அன்றாடத்தில் நான் மிக அதிகம் பார்க்கும் காரணம் இவை இரண்டும் இல்லை. பகலில் சாப்பிடாமல் இருப்பதுதான். வருகிறவர்களை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன்: மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே, மனநிலை. திரும்பத் திரும்பப் பார்க்கும் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். காலை 8.10, ஒன்றரை இட்லி, நின்றபடி. 11.30, காபி. 1.45, தயிர்சாதம் பாதி டப்பா, மீட்டிங். 4.30, காபி. 7.50, பிள்ளை தட்டில் மீந்தது இரண்டு வாய். 8.30, ‘டயட், சப்பாத்தி ஒன்று’. 11.15, மிக்சர், அப்புறம் பிஸ்கட், அப்புறம் சர்க்கரை கலந்த பால்பவுடர். மனநிலைக் கட்டத்தில்: ‘மாமியார் சொன்ன பேச்சு’. அந்தப் பேச்சு வலித்தது உண்மை. ஆனால் அந்த உடம்பு காலையிலிருந்து பட்டினிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டிருந்த நாளில் அதே பேச்சுக்கு அவர் அழுதிருப்பார், மிக்சர் டப்பா வரை போயிருக்க மாட்டார்.

இதற்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. 1975இல் ஹெர்மன், மேக் இருவரும் மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு வேண்டிய மட்டும் ஐஸ்கிரீம் எடுக்கச் சொன்னார்கள். பத்தியத்தில் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகவே சாப்பிட்டார்கள். ‘இன்னிக்குக் கெட்டுப்போச்சு, இனி நாளையிலேர்ந்து’ என்கிற மனநிலை எவ்வளவு பழையது பாருங்கள். அம்மா அன்று தட்டைக் கட்டுப்படுத்தினார், இன்று டயட் சார்ட் கட்டுப்படுத்துகிறது. இரண்டிலுமே உங்கள் வயிற்றிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, இரவு மிக்சரை நிறுத்துவது இல்லை. பகலைச் சரிசெய்வது. மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நடுவில் இரண்டு சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கட்டுமீறிச் சாப்பிடுவதற்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) முதற்படியும் இதுவே. மிக்சரை வீட்டைவிட்டு விரட்டவும் வேண்டாம். வேண்டும் என்று தோன்றினால் ஒரு கிண்ணத்தில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இப்போது ஒரு கரண்டி வெறும் தயிர்சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் அது பசி, தயிர்சாதமே சாப்பிடுங்கள். வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அக்காவுக்கு ஒரு போன், மொட்டைமாடியில் கொஞ்சம் நடை, வெந்நீர்க் குளியல் என்று முன்கூட்டியே நினைத்து வைத்த ஒன்றைப் பத்து நிமிடம் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் சாப்பிட்டால் சாப்பிடுங்கள், மறுநாள் காலை இட்லியை மட்டும் தண்டனையாக வெட்டாதீர்கள். அந்த வெட்டுதான் அடுத்த இரவைத் தயார் செய்கிறது. தூக்கம் குறைந்தாலும் பசி கூடும், ஷிப்ட் வேலை என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். பழக்கம் 34 வயதில் மாறுமா என்றால், மாறும். மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்கள் ஆகும், நடுவில் பின்னடைவும் வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறுகிய நேரத்தில் மற்றவர்கள் அசந்துபோகிற அளவு சாப்பிடுவது, அப்போது நிறுத்தவே முடியவில்லை என்ற உணர்வு, பிறகு கடுமையான வெட்கம், இது வாரத்துக்கு ஒரு முறையாவது என்று மூன்று மாதமாக நடந்தால் அது கட்டுமீறி உண்ணும் கோளாறாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள் என்றாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவை பசியைக் கூட்டும். மாத்திரை எதுவும் எடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக மகள். இங்கேதான் எனக்கு நம்பிக்கை அதிகம், காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 279 தாய்-சேய்களை வைத்து உண்மையான பரிசோதனையே செய்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதித் தாய்மாருக்கு மட்டும், குழந்தை பசியில்லாமல் அழுதால் ஊட்டுவதற்கு முன் வேறு வழிகளில் சமாதானப்படுத்துவது, பசி-நிறைவு அறிகுறிகளைப் படிப்பது, தூங்கவைப்பது இவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். 3 வயதில் அந்தக் குழந்தைகளின் எடை உயரத்துக்கேற்றபடி ஓரளவு குறைவாக இருந்தது. வித்தியாசம் சின்னதுதான், பெரியவர்களானபின் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. ஆனால் பெற்றோரின் பழக்கத்தை மாற்ற முடியும், மாற்றினால் பலன் இருக்கிறது என்பது அதில் தெரிகிறது. வீட்டில் பின்பற்ற எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பங்கீடு போதும்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. உங்கள் மகள் எடை குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொல்வதே முதலில், இது அதற்குப் பிறகு.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். ‘நீ என்னை இப்படி வளர்த்ததாலதான்’ என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்துவிடும், அது முழு உண்மையும் இல்லை. ‘அம்மா, நீயே ஊட்டு, போன் மட்டும் வேண்டாம். வாயை மூடிக்கிட்டா கிண்ணத்தை எடுத்துடலாம், ஒன்பது மணிக்குப் பால் இருக்கே’ என்று சொல்லிப் பாருங்கள். கிண்ணத்தில் முதலில் கொஞ்சமாகப் போடுங்கள், கேட்டால் இன்னும் போடலாம். பாட்டிக்கு மிச்சம் கண்ணை உறுத்தாது. மகள் விழுந்து அழுதால் முதலில் தூக்கி மடியில் வைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அழுகை தானாக அடங்கும் வரை இருங்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பசித்து பிஸ்கட் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டில் மட்டும் ஒரு மாதம் இப்படி நடக்கட்டும். முதல் வாரம் பிள்ளை குறைத்துச் சாப்பிடும், உங்களுக்கும் அம்மாவுக்கும் பயமாக இருக்கும். தினமும் எடை பார்க்க வேண்டாம், அடுத்த முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போது வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொன்னால் போதும்.